வசந்தக் காற்று, பருவ மழை: மென்மையான கற்பித்தலைப் பற்றிய சீன முதுமொழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்த முதுமொழி எது? எப்படி உச்சரிப்பது?

'சுன் ஃபெங் ஹுவா யூ'. நான்கே எழுத்துகள். இப்படி நான்கெழுத்தில் கட்டிய பழந்தொடர்களைச் சீனர்கள் 'செங்யூ' என்பார்கள். சுன் என்றால் வசந்தம், ஃபெங் என்றால் காற்று, யூ என்றால் மழை. நடுவில் நிற்கும் ஹுவா என்பது ஒன்றை வேறொன்றாக மாற்றுவதைக் குறிக்கும் வினை. முதல் இரண்டு எழுத்துகளையும் உயர்ந்த, ஏற்றஇறக்கமில்லாத குரலில் சொல்ல வேண்டும். மூன்றாவது மேலிருந்து சட்டென்று கீழே விழும். நான்காவது தாழ்ந்து எழும்.

'வசந்தக் காற்று, பயிரை வளர்த்து மாற்றும் மழை' என்று பொருள். நல்ல ஆசிரியரின் கற்பித்தல் மாணவரை எப்படித் தொடுகிறது என்பதற்கு இது பெயர்.

இது கன்பூசியஸ் சொன்னதா?

இல்லை. இணையத்தில் அவர் பெயரைப் போட்டுப் பரப்புகிறார்கள், ஆனால் கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் இந்தத் தொடர் கிடையாது. இதில் இரண்டு தனித்தனி ஊற்றுகள் பின்னாளில் கலந்திருக்கின்றன. மழை, கன்பூசியஸ் வழிவந்த தத்துவஞானி மென்சியஸிடமிருந்து, அதாவது கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. ஆசிரியரை வசந்தக் காற்றாகச் சொல்லும் புகழ்பெற்ற பேச்சு சோங் அரச காலத்தில், கி.பி. 11ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். மழையும் காற்றும் சொல்லும் பாடம் ஒன்றல்ல என்பதால் தனித்தனியாகவே பார்ப்பது நல்லது.

மென்சியஸ் சொன்ன மழை எது?

மென்சியஸ் நூலின் ஏழாம் இயல், முற்பகுதி, 40ஆம் பத்தி. சான்றோன் கற்பிக்கும் வழிகள் ஐந்து என்று தொடங்கி, முதலாவதாக 'பருவத்தே பெய்யும் மழை போல மாற்றுவது' என்கிறார். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. ஆனால் அதே நூலின் முதல் இயலில், லியாங் நாட்டு அரசனிடம் பேசும்போது அந்த மழையின் படத்தை அவரே வரைந்திருக்கிறார்: ஏழாம் எட்டாம் மாதங்களில் வறட்சி வந்தால் நாற்று வாடும், வானில் கருமுகில் திரண்டு கொட்டினால் வாடியது குபீரென்று நிமிரும். மென்சியஸ் வாழ்ந்த ஜோ அரச காலத்து நாட்காட்டியில் அந்த மாதங்கள் நடுக்கோடை. ஆகவே அவர் மனத்தில் இருந்தது பூந்தூறல் இல்லை, காய்ந்த பயிர் மேல் கொட்டுகிற கோடை மழை. மென்மை என்ற சாயல் பிற்பாடு ஏறியது. மூலத்தில் அழுத்தம் முழுவதும் 'பருவத்தே' என்பதன் மேல்தான்.

இதற்கு மிகச் சிறந்த உரை 12ஆம் நூற்றாண்டில் ஜு சி (1130–1200) என்ற அறிஞர் எழுதியது. விதைத்தாயிற்று, மண் அணைத்தாயிற்று, மனித முயற்சியால் ஆவதெல்லாம் முடிந்துவிட்டது, ஆனாலும் செடி தானாக மாறவில்லை, குறைவது ஈரம் ஒன்றே. அந்த நேரம் பார்த்து மழை பெய்தால் மாற்றம் விரைவாக நடக்கும் என்கிறார். இதற்கு உதாரணமாகக் கன்பூசியஸின் மாணவர்களில் யான் ஹுய், செங்சு என்ற இரண்டே பேரைச் சொல்கிறார்.

இந்த உரையைப் படித்தபின் முதுமொழியை 'அன்பாகப் பேசினால் பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்ளும்' என்று சுருக்க முடியாது. உழாத நிலத்தில் எத்தனை இதமான மழை பெய்தாலும் களைதான் முளைக்கும்.

மற்ற நான்கு வழிகள் என்ன?

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் நற்குணத்தை முழுமையாக்குவது. மூன்றாவது, ஒருவரின் திறமையை அதன் எல்லை வரை கொண்டுபோவது. ஜு சி இங்கே சிலு, சிகோங் என்ற கன்பூசியஸின் இரு மாணவர்களைக் காட்டுகிறார். நான்காவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, அவ்வளவுதான். ஐந்தாவது விசித்திரமானது: நேரில் பார்க்காதவர், ஆசிரியர் விட்டுச்சென்றதைக் கொண்டு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது. மென்சியஸே கன்பூசியஸுக்கு அப்படிப்பட்ட மாணவர்தான். கன்பூசியஸ் இறந்து (கி.மு. 479) ஒரு நூறாண்டு கழித்துப் பிறந்தவர் அவர்.

ஐந்தையும் சமமாக வைத்து மென்சியஸ் 'கற்பித்தல்' என்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா மாணவருக்கும் மழையாக இருக்க எந்த ஆசிரியராலும் முடியாது. பலருக்கு நாலாவது வழியே போதும். போதாக்குறைக்கு, இன்னோர் இடத்தில் 'கற்பிக்க மறுப்பதும் ஒருவகைக் கற்பித்தல்தான்' என்றும் சொல்லிவைத்திருக்கிறார்.

வசந்தக் காற்று எங்கிருந்து வந்தது?

செங் ஹாவ் (1032–1085) என்ற சோங் காலத்து அறிஞர் ருஜோ என்ற ஊரில் இருந்தபோது ஜு குவாங்திங் என்பவர் அவரிடம் போய்ப் படித்தார். திரும்பி வந்து, "ஒரு மாதம் வசந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தேன்" என்றாராம். 'வசந்தக் காற்றில் அமர்ந்ததுபோல்' என்ற தனித்தொடர் அதிலிருந்து பிறந்து இன்றும் புழங்குகிறது.

செங் ஹாவ் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவர் மாணவர் சியே லியாங்சுவோ விட்டுச்சென்ற குறிப்பு உண்டு: நாள் முழுக்க மண்பொம்மை போல அசையாமல் உட்கார்ந்திருப்பார், மனிதர்களைச் சந்திக்கும்போது மட்டும் முழுக்க இதமே உருவாகிவிடுவார். கலகலப்பானவர் என்று இதற்குப் பொருள் இல்லை. தன்னளவில் இறுக்கமான ஒழுங்கு, எதிரே இருப்பவரிடம் இளக்கம்.

காற்றையும் மழையையும் ஒரே மூச்சில் சொன்னதற்கு இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ சியாங் தொகுத்த நூலில், சி நாட்டு அமைச்சர் குவான் ஜோங் பெருமூச்சு விடுகிறார்: "வசந்தக் காற்றாக மனிதர்மேல் வீச என்னால் முடியவில்லை, கோடை மழையாகப் பெய்யவும் முடியவில்லை; நான் ஒருநாள் நிர்க்கதியாகத்தான் போவேன்." பதவி இழந்து ஓடிவந்த ஒருவருடன், அவரிடம் உதவி பெற்ற மூன்று பேர் கைவிடாமல் கூடவே வந்ததைப் பார்த்துச் சொன்னது. பேச்சு கற்பித்தலைப் பற்றியதல்ல, உபகாரத்தைப் பற்றியது. இங்கும் மழை கோடை மழையே.

கண்டிப்பான ஆசிரியர்களைச் சீன மரபு ஏற்கவில்லையா?

ஏற்றது, அதுவும் அதே வீட்டில். செங் ஹாவின் தம்பி செங் யீ (1033–1107) கண்டிப்புக்குப் பேர்போனவர். யாங் ஷி, யூ சுவோ என்ற இருவர் அவரைப் பார்க்க வந்தபோது அவர் கண்மூடி அமர்ந்திருந்தார். எழுப்பத் துணியாமல் இருவரும் நின்றார்கள். அவர் கண்விழித்து, "இன்னும் இங்கேயா இருக்கிறீர்கள்? பொழுது போய்விட்டது, போய் ஓய்வெடுங்கள்" என்றபோது வெளியே பனி ஓரடி உயரம் விழுந்திருந்தது. யாங் ஷிக்கு அப்போது வயது ஏறத்தாழ நாற்பது. 'செங் வீட்டு வாசலில் பனியில் நிற்பது' என்பது இன்று ஆசிரியர்மேல் உள்ள பெருமதிப்பைக் குறிக்கும் தொடர். அண்ணனின் வசந்தக் காற்றும் தம்பியின் பனியும் பழைய பதிவில் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருகின்றன.

அண்ணனே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியன் என்ற நிலைக்கு உலகம் மரியாதை தரும்படி செய்யப்போகிறவன் என் தம்பி, ஆனால் வருகிற மாணவரை அவரவர் தரத்துக்கேற்ப ஆளாக்கும் வேலையில் நான் அவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

அப்படியானால் மென்மை என்றால் தண்டிக்கவே கூடாது என்பதா?

மூல நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. சீனாவின் மிகப் பழைய கல்விக் கட்டுரை 'சுவே ஜி'. சடங்குகளின் நூல் என்று பெயர்பெற்ற 'லி ஜி'யில் ஓர் இயல் அது. கற்பித்தல் நுட்பம் பற்றி அதைவிட நயமாக எழுதிய பழம்பிரதி குறைவு. அதிலேயே, ஒழுங்கை நிலைநாட்ட இரண்டு வகைக் கழிகள் பள்ளியில் இருந்ததும் எழுதியிருக்கிறது. பிற்காலத்துக் குழந்தைகள் மனப்பாடம் செய்த மூவெழுத்துப் பாடநூல் இன்னும் நேரடியானது: வளர்த்துவிட்டுக் கற்பிக்காதது தகப்பன் குற்றம், கண்டிப்பில்லாமல் கற்பிப்பது ஆசிரியரின் சோம்பல்.

இதைப் படித்துவிட்டுப் பிரம்புக்கு ஆதாரம் தேடுவதும் தவறு. சுவே ஜி முழுக்க வலியுறுத்துவது வேறு. தவறு முளைக்குமுன் தடுப்பது 'முன்னேற்பாடு'. முளைத்தபின் தடுத்தால் எதிர்ப்புத்தான் வளரும், ஆசிரியர் தோற்பார் என்கிறது. வகுப்பில் குரல் உயர்த்த வேண்டி வருவது பெரும்பாலும் இந்த முன்னேற்பாடு தவறியதால்தான்.

வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது?

சுவே ஜி மூன்று இணைகளாகச் சொல்கிறது: வழிகாட்டு, இழுத்துப் போகாதே; ஊக்கு, அமுக்காதே; திற, முடிவுவரை கொண்டுபோகாதே. வழிகாட்டினால் இணக்கம் வரும், ஊக்கினால் எளிதாகும், திறந்து நிறுத்தினால் மாணவர் யோசிப்பார். இம்மூன்றும் சேர்ந்தவரையே அது நல்ல ஆசிரியர் என்கிறது.

முக்கோணத்தின் கோணங்கள் கூட்டினால் 180 பாகை என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். பலகையில் வாக்கியத்தை எழுதி எழுதச் சொன்னால் அது இழுத்துப் போவது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையிடமும் வெவ்வேறு வடிவில் வெட்டிய ஒரு காகித முக்கோணத்தைக் கொடுங்கள். மூன்று முனைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எல்லார் மேசையிலும் நேர்கோடு வரும். இங்கே ஆசிரியர் செய்த வேலை வெட்டியது மட்டும். வரும் கோடு நேராக இல்லாத பிள்ளையிடம், "தப்பு" என்பதற்குமுன் முனைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் அது ஊக்குவது. கடைசியாக, "நான்கு பக்கம் இருந்தால்?" என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். பாதிப் பேராவது குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டு முக்கோணமாக்கி 360 என்று வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினமான பகுதி. மணி அடிக்கப்போகிறதே என்று விடையைச் சொல்லிவிட்டால் அதுவரை செய்தது வீண்.

கன்பூசியஸும் இதையே வேறு வகையில் சொன்னார். தெரிந்துகொள்ளத் தவிக்காதவனுக்கு நான் திறந்து காட்டுவதில்லை. சொல்லத் தெரியாமல் திணறாதவனுக்கு எடுத்துக்கொடுப்பதில்லை. ஒரு மூலையைக் காட்டி, மற்ற மூன்று மூலைகளோடு அவன் திரும்பி வராவிட்டால் மறுபடி சொல்வதில்லை. படிக்கக் கறாராக இருக்கிறது. ஆனால் பருவ மழையின் 'பருவம்' எப்போது வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது: முகத்தில் தவிப்பு தெரிய வேண்டும், வாயில் பாதி வாக்கியம் நிற்க வேண்டும்.

மாணவருக்குக் கேட்கவே தெரியவில்லை என்றால்?

சுவே ஜியில் இதற்கும் பதில் உண்டு. கேள்விக்கு விடை சொல்பவர் மணியைப் போல இருக்க வேண்டும். சிறிதாகத் தட்டினால் சிறிதாகவும் பெரிதாகத் தட்டினால் பெரிதாகவும் ஒலிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை "மழை ஏன் வருது?" என்று கேட்டதற்கு நீராவி, அழுத்தம், முகில் வகை என்று அரைமணி நேரம் பேசுவது சிறு தட்டலுக்குப் பெருமணி. ஆனால் கேட்கும் தெம்பே இல்லாதவருக்கு நீயே சொல் என்கிறது அதே நூல். சொல்லியும் புரியவில்லையா, அன்றைக்கு அதை அப்படியே வைத்துவிடலாம். அதே பாடத்தை அதே நாளில் நான்காவது முறை, குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏறச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கே தவறிப்போகிறது?

பொதுவாக நான்கு இடங்களில்.

மழை முந்துவது ஒன்று. மென்சியஸ் சொன்ன சோங் நாட்டு (பிற்காலச் சோங் அரசு அல்ல, அதே பெயருள்ள பழைய சிறு நாடு) உழவன் கதை எல்லாருக்கும் தெரிந்ததே: நாற்று வளரவில்லையே என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டு, "இன்று களைத்துப்போனேன், பயிர் வளர உதவி செய்தேன்" என்று வீட்டில் சொன்னான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அத்தனையும் வாடிக்கிடந்தது. இதைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் அடுத்த வாக்கியம் முக்கியம். பயனில்லை என்று கைவிடுபவன் களை எடுக்காத உழவன், அவனும் தவறியவன்தான் என்கிறார் மென்சியஸ். 'பிள்ளையின் போக்கில் விடுகிறேன்' என்று ஒதுங்கி நிற்பதற்கு இந்த முதுமொழியைத் துணைக்கு இழுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மழை பிந்துவது இரண்டாவது. பருவம் கடந்தபின் கற்றால் பாடுபட்டும் தேறுவது அரிது என்கிறது சுவே ஜி.

வரிசையில்லாமல் கொட்டுவது மூன்றாவது. பின்னத்தில் கூட்டலே ஊன்றாத பிள்ளைக்கு வகுத்தலையும் தசமத்தையும் ஒரே வாரத்தில் கொடுத்தால், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், மூன்றும் குழம்பும்.

நான்காவது, தனியாகப் படிக்க விடுவது. கூடப் படிக்கும் நண்பர் இல்லாவிட்டால் பார்வை குறுகிப்போகும் என்று அதே பட்டியலில் வருகிறது. ஒருவரையொருவர் பார்த்துத் தேறுவதற்கு அந்த நூல் வைத்த பெயர் 'உரசல்'. ஆசிரியரின் நற்குணத்தையே பேசிக்கொண்டிருக்கும் நாம் இந்த அம்சத்தை மறந்துவிடுகிறோம்.

எல்லாருக்கும் ஒரே மழைதானா?

கன்பூசியஸிடம் சிலு கேட்டார்: நல்லதைக் கேட்டவுடன் செய்துவிடலாமா? "அப்பாவும் அண்ணனும் இருக்கும்போது எப்படி உடனே செய்வாய்?" என்றார். இன்னொரு மாணவர் ரான் யூ அதே கேள்வியைக் கேட்டபோது, "கேட்டவுடன் செய்" என்றார். இரண்டையும் கேட்ட கோங்சி ஹுவா குழம்பிப்போய்க் காரணம் கேட்டார். ரான் யூ பின்வாங்குகிறவன், அதனால் முன்னே தள்ளினேன். சிலு இரண்டு ஆள் வேகம் உள்ளவன், அதனால் பிடித்து நிறுத்தினேன் என்பது பதில். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவரிடம் மென்மை, மற்றவரிடம் கடுமை.

சொந்தப் பிள்ளைக்கு இப்படிக் கற்பிக்க முடியுமா?

முடியாது என்பதுதான் மென்சியஸின் பதில், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். தகப்பன் சரியானதைக் கற்பிக்கிறான், பிள்ளை செய்யவில்லை, தகப்பனுக்குக் கோபம் வருகிறது, "அப்பாவே அப்படி நடக்கவில்லையே" என்று பிள்ளை நினைக்கிறது, இருவருக்கும் மனம் புண்படுகிறது. அதனால்தான் முற்காலத்தில் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தார்கள் என்கிறார். இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொறுமையாகக் கணக்குச் சொல்லித்தருகிற அம்மா தன் பிள்ளையிடம் பத்து நிமிடத்தில் கத்துவது ஏன் என்பதற்கு இதுவே விளக்கம். இரண்டு வீட்டார் வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளை மாற்றி உட்காரவைத்துப் பார்க்கலாம்.

இதையொத்த தொடர்கள் உண்டா? எதை எங்கே சொல்வது?

'வசந்தக் காற்றில் நனைந்தாற்போல்' என்பது இனிமையான ஒருவருடன் இருந்த உணர்வு. ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. 'ஷ்யுன் ஷ்யுன் ஷான் யோ' என்பது படிப்படியாக நயமாக நடத்திச்செல்வது; யான் ஹுய் கன்பூசியஸைப் பற்றிச் சொன்ன சொற்களிலிருந்து வந்தது. 'பொருள்களை நனைக்கும், ஓசையில்லாமல்' என்பது து ஃபு (712–770) செங்டுவில் 761இல் எழுதிய வசந்த இரவு மழைக் கவிதையின் வரி. அந்தக் கவிதை உண்மையான மழையைப் பற்றியது, ஆசிரியர் யாரும் அதில் இல்லை. ஆனால் முதுமொழிக்கு இன்றுள்ள இரவுத்தூறல் சாயலில் பெரும்பங்கு இதனுடையது.

'இதமான காற்று, நுண்தூறல்' என்ற இன்னொன்று இருக்கிறது. அதை இதோடு குழப்பக் கூடாது. அது குறை சொல்லும் முறையைப் பற்றியது. 1957இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் சீர்திருத்த இயக்கம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டு கோடையில், குறை சொன்னவர்களையே தண்டித்த வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. சொல்லுக்கும் நடப்புக்கும் அவ்வளவு தூரம்.

ஆசிரியர் தின அட்டையில் எழுதலாமா?

தாராளமாக. சீனாவில் செப்டம்பர் 10, தைவானில் செப்டம்பர் 28, மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம். மலேசியாவின் சீனப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமான வாழ்த்து இது. ஓய்வுபெறும் ஆசிரியருக்கும் பள்ளி ஆண்டு நிறைவுக்கும் பொருந்தும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது மட்டும் கூடாது. ஆசிரியர் தன் கற்பித்தலை இப்படி வருணித்தால் சீனக் காதுக்குத் தற்பெருமையாக ஒலிக்கும். ஒரே ஒரு பாடம் நடத்திய விருந்தினரைப் பற்றிச் சொன்னாலும் மிகையாகும்.

எழுதும்போது சீன எழுத்தின் மரபுவடிவில் நான்கு எழுத்துகளுக்கும் வரிசையாகக் கோடுகள் 9, 9, 4, 8, மொத்தம் 30. சீனாவில் வழங்கும் எளியவடிவில் 'காற்று' மட்டும் மாறி 4 கோடாகிவிடும், மொத்தம் 25. மற்ற மூன்றும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே தைவானிலோ ஹாங்காங்கிலோ இருப்பவருக்கு அனுப்பினால் அந்த ஓர் எழுத்தைக் கவனித்தால் போதும். தூரிகையால் எழுதுபவர்களுக்கு, நான்கு கோடே உள்ள 'ஹுவா' பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே மெலிந்து தெரியும். அதன் கோடுகளைக் கொஞ்சம் தடித்து எழுதுவது வழக்கம். பழைய பள்ளிக் கட்டடங்களில் கிடைமட்டப் பலகைகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். இடமிருந்து படித்து 'மழை' என்று தொடங்கினால் நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள், பலகையில் பிழை இல்லை.